அசையலைன்னா வலிக்கலைன்னு அர்த்தமா?

பொட்டி தட்டுறவனுக்கு எதுக்குடா மாட்டாஸ்பத்திரி மேட்டர்னு கேக்கப்போற மகாஜனங்களுக்கு முன்கூட்டியே ஒரு கும்பிடு. இது மொக்கைப் பதிவு இல்லைங்க. கொஞ்சம் கோபமா எழுதினது. அந்தக் கோபத்துல முக்கால்வாசி என் மேலயேதான்.

எங்க வீட்ல புஜ்ஜின்னு ஒரு நாய். வாங்கினது இல்லை, தெருவுல இருந்து அதுவா வந்து ஒட்டிக்கிட்டது. ஒரு நாள் ராத்திரி பைக்காரன் ஒருத்தன் இடிச்சுட்டு நிக்காம போயிட்டான். பின்னங்கால் தொடை ஒரு சாண் நீளத்துக்குக் கிழிஞ்சு தொங்குது. நானும் தம்பியும் பழைய போர்வையில சுத்தி, ஆட்டோ பிடிச்சு, திறந்திருந்த ஒரு சின்ன கிளினிக்குக்கு ஓடினோம். (எந்த ஊரு, எந்த கிளினிக்னு யாரும் கேக்க வேணாம். அந்த நேரத்துக்குக் கதவைத் திறந்த மனுஷனை நான் காட்டிக் கொடுக்கப் போறதில்லை.)

டாக்டர் பார்த்தார். ஒரு ஊசி போட்டார். பத்து நிமிஷத்துல புஜ்ஜி தலையைத் தொங்கப் போட்டுட்டு அப்படியே சரிஞ்சிடுச்சு.

"மசில் ரிலாக்ஸன்ட் போட்டாச்சு தம்பி. இனிமே அசையாது, தைச்சிடலாம்."

நாலாவது தையலோ அஞ்சாவது தையலோ, திடீர்னு புஜ்ஜி தலையைத் தூக்கி ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க. குரைப்பும் இல்லை, அழுகையும் இல்லை. அதுக்கு முன்னாடியும் அப்புறமும் அது அந்தச் சத்தத்தைப் போட்டதே இல்லை.

"வலிக்குதா டாக்டர்?"

"வலியெல்லாம் இல்லை தம்பி, மருந்து பத்தலை. அசையுது பாருங்க."

இன்னொரு டோஸ் உள்ள போச்சு. அசைவு நின்னுச்சு, தையல் முடிஞ்சுது. நான் காசு கொடுத்து, நன்றி சொல்லி, தூக்கிட்டு வந்துட்டேன். அன்னைக்கு நான் அவர்கிட்ட கேட்ட கேள்வி மொத்தம் ரெண்டுதான். எவ்வளவு ஆகும்? எப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்?

பில்லைப் பார்த்தா சைலசின்னு எழுதியிருந்துச்சு. வேற எதுவும் இல்லை. தையல் போட்ட இடத்துல மரத்துப்போறதுக்குன்னு ஒரு சொட்டு மருந்து இல்லை.

அன்னைலேர்ந்து ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்துல இதைப் படிச்சுக்கிட்டே இருக்கேன். படிச்சதுல ஒரே ஒரு விஷயத்தை உங்க தலையில ஏத்திட்டா போதும். அசையாம இருக்குறது வேற, வலியில்லாம இருக்குறது வேற. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நம்புறதுலதான் எல்லா அக்கிரமமும் ஆரம்பிக்குது.

முதல்ல இந்த 'மசில் ரிலாக்ஸன்ட்'ங்கிற பேரே ஒரு கூட்டுக் குடும்பம். அதுக்குள்ள சம்பந்தமே இல்லாத ரெண்டு வகை குடியிருக்கு.

ஒண்ணு, மூளையிலயும் தண்டுவடத்துலயும் வேலை செய்யுற வகை. டயஸிபாம், மிடசோலம், சைலசின் எல்லாம் இந்தப் பக்கம். சைலசின் போட்டா நாய் சொக்கிப் போகும், தசை தளரும், வலியும் கொஞ்சம் குறையும். அந்தக் 'கொஞ்சம்'தான் பிரச்சினையே. முழு மயக்கம் கிடையாது. சும்மா கிடக்குற மாதிரி இருக்கும், கத்தி பட்டதும் சட்டுனு முழிச்சுக்கும். புஜ்ஜி முழிச்சுக்கிச்சே, அப்படி. அதனாலதான் இதைத் தனியா நம்பாம கீட்டமைன் மாதிரி இன்னொண்ணைச் சேர்த்துப் போடுறாங்க. கீட்டமைன் தனியாப் போட்டா தசையெல்லாம் விறைச்சுக்கும், சைலசின் அதைத் தளர்த்தும். ரெண்டும் ஒண்ணையொண்ணு சரிக்கட்டிக்கும்.

ரெண்டாவது வகை, நரம்பும் தசையும் சந்திக்கிற இடத்துல போய் உக்காந்துக்குற வகை. அட்ராகுரியம், வெகுரோனியம், ரோகுரோனியம், சக்சினைல்கோலின். 'அசை'ன்னு நரம்பு அனுப்புற ரசாயனச் செய்தி அசிட்டைல்கோலின். அது தசையில போய்ச் சேருற வாசல்லயே இந்த மருந்து மறிச்சுக்கும். கால் அசையாது, தாடை அசையாது, இமை மூடாது. மூச்சு விடுற தசையும் நின்னு போயிடும். வெண்டிலேட்டரோ, ஒருத்தர் பையை அமுக்கி அமுக்கிக் காத்து கொடுக்கறதோ இல்லைன்னா நாய் சில நிமிஷத்துல செத்துடும்.

மூளைக்கு என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. இந்த மருந்து மூளைக்குள்ள போறதே இல்லை. மயக்கம் வராது, வலியும் துளிகூடக் குறையாது.

நம்ம பாஷையில சொல்லணும்னா, மானிட்டர் கேபிளைப் பிடுங்கிட்டு 'சிஸ்டம் ஷட்டவுன் ஆயிடுச்சு'ன்னு மேனேஜருக்கு மெயில் போடுற கதை. உள்ள எல்லா ப்ராஸஸும் ஓடிக்கிட்டேதான் இருக்கு. உங்களுக்குத் தெரியலை, அவ்வளவுதான்.

இது ஏதோ நேத்து கண்டுபிடிச்ச விஷயம்னு நினைச்சுடாதீங்க. இந்தக் குடும்பத்துக்கு மூதாதை க்யூராரே. தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில தடவுற விஷம். சார்லஸ் வாட்டர்ட்டன்னு ஒரு ஆங்கிலேயர் கயானா காட்டுல அலைஞ்சு இதைக் கொண்டுபோனார். 1814ல லண்டன்ல ஒரு பெண் கழுதைக்கு இதைச் செலுத்தினாங்க. கழுதை செத்தது மாதிரி விழுந்துடுச்சு. தொண்டைக்குழாய்ல ஓட்டை போட்டு, கொல்லன் துருத்தி மாதிரி ஒண்ணை வச்சு மணிக்கணக்கா காத்து அடிச்சாங்க. நடுவுல கழுதை தலையைத் தூக்கிச் சுத்திப் பார்த்துச்சு. சரியாயிடுச்சுன்னு காத்தை நிறுத்தினா திரும்பவும் விழுந்துடுச்சு. மறுபடியும் துருத்தி, கடைசியில பொழைச்சுக்கிச்சு. வௌராலியான்னு பேர் வச்சு, யார்க்ஷயர்ல தன்னோட பண்ணையில விட்டார். 1839 வரைக்கும் உயிரோட இருந்துச்சு. தசை நின்னாலும் உயிர் நிக்கலைங்கிறது அன்னைக்கே தெரிஞ்சு போச்சு.

அப்புறம் பிரான்ஸ்ல க்ளோட் பெர்னார். தவளைகளை வச்சு சோதிச்சு, க்யூராரே தசைக்குப் போற கட்டளையைத்தான் துண்டிக்குது, உணர்வை இல்லைன்னு காட்டினார். காட்டினதோட நிக்கலை, அதே க்யூராரேவைப் போட்டு விலங்குகளை அறுத்தும் சோதனை செஞ்சார். அவரோட மனைவியே பிரிஞ்சு போய், விலங்குகளை உயிரோட அறுக்கறதுக்கு எதிரா இறங்கினாங்க.

இதெல்லாம் சேர்ந்துதான் 1876ல பிரிட்டன்ல விலங்குக் கொடுமைச் சட்டம் வந்தது. அதுல தெளிவா ஒரு வரி உண்டு. இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரைக்கும் க்யூராரேவை மயக்க மருந்தாக் கருதக் கூடாதுங்கிறதுதான் அதோட சாரம். எந்த வருஷம்? 1876. மயக்க மருந்துன்னா ஈத்தரும் குளோரோஃபார்மும்தான்னு இருந்த காலம். அந்தக் காலத்துச் சட்டத்துக்குப் புரிஞ்சது, இந்தக் காலத்துல 'அதான் அசையலையே'ன்னு சொல்றவங்களுக்குப் புரியலை.

ஆனா மனுஷங்க விஷயத்துலயே சந்தேகம் தீர இன்னும் எழுபது வருஷம் ஆச்சு. 1942ல மான்ட்ரியல்ல ஹெரால்ட் க்ரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் ஆபரேஷன்ல க்யூராரேவை மயக்க மருந்தோட சேர்த்துப் பயன்படுத்திக் காட்டினாங்க. அதுக்கப்புறம் 'இதுவே மூளையையும் மயக்குதோ'ன்னு சில பேர் பேச ஆரம்பிச்சாங்க. ஸ்காட் ஸ்மித்துன்னு ஒரு மயக்கவியல் டாக்டர் தன் உடம்புலயே இதை ஏத்திக்கிட்டார். முழு உடம்பும் முடங்கி, மூச்சுகூட அடுத்தவங்க கொடுக்குற நிலைமை. 1947ல வெளியான அந்தக் கட்டுரையோட முடிவு என்ன தெரியுமா? கடைசி வரைக்கும் முழு நினைவோட இருந்திருக்கார். சுத்தி நடந்தது எல்லாம் தெரிஞ்சிருக்கு, தொட்டாலும் குத்தினாலும் உணர்ந்திருக்கார்.

'அதெல்லாம் அந்தக் காலம்ப்பா'ன்னு சொல்றவங்களுக்கு இன்னொரு கணக்கு. 2014ல பிரிட்டன், அயர்லாந்து மயக்கவியல் டாக்டர்கள் பெரிய ஆய்வு ஒண்ணை வெளியிட்டாங்க. முழு மயக்கத்துல ஆபரேஷன் நடக்கும்போது நடுவுல முழிப்பு வந்ததா எத்தனை பேர் சொல்றாங்கன்னு. தசையை முடக்குற மருந்து சேர்த்தவங்கள்ல ஏறத்தாழ 8,000 பேருக்கு ஒருத்தர். அது சேர்க்காதவங்கள்ல ஏறத்தாழ 1,36,000 பேருக்கு ஒருத்தர். வித்தியாசத்தைப் பாருங்க. முடக்கு மருந்து இல்லைன்னா, மயக்கம் குறைஞ்சதும் நோயாளி கையை காலை ஆட்டுவார், டாக்டர் உஷாராயிடுவார். முடக்கிட்டா அந்த எச்சரிக்கை மணியே அடிக்காது.

அது எல்லா வசதியும், கூடவே ஒரு தனி மயக்கவியல் டாக்டரும் இருக்குற இடத்துக் கணக்கு. அதோட அந்த மனுஷங்க எந்திரிச்சு வந்து வாயால சொன்னாங்க. புஜ்ஜி யார்கிட்ட போய்ச் சொல்லும்?

வாயில்லா ஜீவன், வாயில்லா ஜீவன்னு நாம சொல்லிக்கிறோம். வாய் இல்லாததுக்குப் பேச்சே உடம்புதாங்க. காலை உதறும், காதை மடக்கும், உறுமும், திமிறும். அதையும் ஊசி போட்டு நிறுத்திட்டு, 'பாரு, ஒண்ணுமே சொல்லலை, வலிக்கலை போல'ன்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

நிற்க. இந்த மருந்தையே தடை பண்ணணும்னு நான் சொல்ல வரலை. நண்பர் ஒருத்தர் வீட்டு வயசான பொமரேனியனுக்குக் கண்புரை ஆபரேஷன், வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில. கூடப் போயிருந்தேன். அங்க மயக்கம் கொடுத்த டாக்டர் பொறுமையா விளக்கினாங்க. சாதாரண மயக்கத்துல நாயோட கருவிழி கீழ்ப்பக்கமா உருண்டு போயிடும், கத்தி வைக்க இடமே கிடைக்காது. முடக்கு மருந்து கொஞ்சம் கொடுத்தா கண்ணு நடுவுல வந்து அசையாம நிக்கும். நுண்ணோக்கி வச்சு மில்லிமீட்டர் கணக்குல செய்யுற வேலைக்கு அது அவசியம். நெஞ்சைத் திறந்து செய்யுற சில ஆபரேஷனுக்கும் இதே மாதிரி தேவைப்படும்.

ஆனா அங்க அந்த மருந்து எத்தனாவது ஆளா உள்ள வந்துச்சுன்னு கவனிச்சேன். முதல்ல வலிக்கு ஊசி. அப்புறம் முழு மயக்கம். தொண்டையில ட்யூப், ஐசோஃப்ளுரேன், வெண்டிலேட்டர். வெளிய வர்ற மூச்சுல கரியமில வாயுவை அளக்க ஒரு கருவி, ரத்த அழுத்தத்துக்கு ஒண்ணு. இதெல்லாம் ஓட ஆரம்பிச்ச பிறகுதான் அட்ராகுரியம். பின்னங்கால் நரம்புல ஒரு சின்ன மின்கருவி மாட்டியிருந்தாங்க. ரெண்டு செகண்டுல நாலு தட்டு தட்டும். நாலுக்கும் கால் துள்ளுதா, நாலாவது துள்ளல் முதல் துள்ளல் அளவுக்கு இருக்கான்னு பார்த்து, மருந்து எவ்வளவு மிச்சம் இருக்குன்னு கணக்குப் போடுறாங்க. முடிஞ்சதும் அதை முறிக்க நியோஸ்டிக்மின். ரோகுரோனியம், வெகுரோனியம்னா சுகமாடெக்ஸ்னு ஒரு முறிமருந்தும் இருக்கு.

முடக்கு மருந்து போட்ட பிறகு இமையைத் தொட்டுப் பார்க்கறது, தாடை இறுக்கம் பார்க்கறது எதுவும் செல்லாதுன்னு அவங்களே சொன்னாங்க. அதனால நாடித்துடிப்பு ஏறுதா, அழுத்தம் ஏறுதா, கண்ணுல தண்ணி வருதான்னு கண்கொத்திப் பாம்பா உக்காந்திருந்தாங்க. அசையலைங்கிறதை அவங்க ஒரு தடவைகூட ஆதாரமா எடுத்துக்கலை.

இப்ப வழக்கமா வர்ற எதிர்வாதங்களுக்கு வரேன்.

'நாய்க்கெல்லாம் வலி தாங்குற சக்தி ஜாஸ்தி சார்.' நாயோட நரம்பும் தண்டுவடமும் வலியைக் கடத்துற விதம் அடிப்படையில நம்மளோடது மாதிரியேதான். நாய் வலியை மறைக்கும், அது உண்மை. மறைக்கறதை இல்லைன்னு சொல்லக் கூடாது.

'செலவு ஜாஸ்தி ஆகுமே?' வெண்டிலேட்டர், தனி மயக்கவியல் டாக்டர்னா ஆகும்தான், ஒத்துக்கறேன். ஆனா கிழிஞ்ச தொடையைத் தைக்க அதெல்லாம் எதுக்கு? லிக்னோகைன்னு ஒண்ணு இருக்கு. பல் பிடுங்கும்போது நமக்குப் போடுறாங்களே, அதுதான். விலை கொஞ்சம்தான். எடைக்குத் தக்க அளவு பார்த்துப் போடணும், அவ்வளவுதான். கிராமத்துல போய்ப் பாருங்க. மாட்டை நிக்க வச்சே விலாப்பக்கம் லிக்னோகைன் போட்டு, வயித்தைத் திறந்து ஆபரேஷன் பண்றாங்க. மாடு முழிச்சிருக்கு, கண்ணைச் சிமிட்டுது, வாலை ஆட்டுது. வெட்டுற இடத்துல வலி இல்லை. அங்க அசையுற மாட்டுக்கு வலி இல்லை, இங்க அசையாத நாய்க்கு வலி இருக்கு. இதுக்கு மேலயும் அசைவை வச்சு வலியை அளக்கப் போறீங்களா?

'டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும், கூகுள் டாக்டர்?' அவருக்குத் தெரியும்ங்க. அஞ்சரை வருஷம் படிச்சவர். ஆனா ஒரே ராத்திரியில பத்து கேஸ் பார்க்கணும், உதவிக்கு ஒரு பையன்தான். வர்றவன் எல்லாம் என்னை மாதிரி 'எவ்வளவு ஆகும்'னு மட்டும் கேக்குறான். வலிக்கு ஊசி போட்டு பில்லுல சேர்த்தா 'இது எதுக்கு சார்'னு பேரம் பேசுறான். அப்ப எந்த வரி பில்லுல இருந்து முதல்ல காணாமப் போகும்? நோயாளி கேக்காத வரி. இந்த வழக்கத்தை அவங்க தனியா உண்டாக்கலை, நாமளும் சேர்ந்து வளர்த்து விட்டோம். அதுக்காக அவங்களுக்கு நான் மன்னிப்புச் சீட்டும் கொடுக்கலை. முழிச்சுக்கிட்டுக் கத்தின நாய்க்கு 'வலியெல்லாம் இல்லை'ன்னு சொன்னது தப்புதான்.

கருணைக்கொலை விஷயத்துலயும் இதே மோசடி நடக்க வழி இருக்கு. முடக்கு மருந்தை மட்டும் போட்டா மிருகம் சத்தமில்லாம, அமைதியா சாகுற மாதிரி தெரியும். உள்ள முழு நினைவோட மூச்சுத் திணறிச் சாகுது. இப்படி முடக்கு மருந்தைத் தனியாப் போட்டுக் கொல்றதை ஏத்துக்கவே முடியாதுன்னு அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தோட வழிகாட்டி சொல்லுது. நம்ம ஊர்ல 2023ல வந்த நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகள், குணப்படுத்த முடியாத தெருநாய்க்கு சோடியம் பென்டோபார்பிட்டாலையோ அங்கீகரிக்கப்பட்ட வேற கருணையான முறையையோதான் பயன்படுத்தணும்னு சொல்லுது. பென்டோபார்பிட்டால் முதல்ல மூளையை அணைக்கும், அப்புறம்தான் மூச்சை. அந்த வரிசைதான் முக்கியம்.

சரி, புலம்பினது போதும். உங்க நாயையோ பூனையையோ ஆபரேஷனுக்குக் கொண்டு போறீங்கன்னா, ஃபார்ம்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.

1. மயக்கத்துக்கு என்ன கொடுக்குறீங்க? வலிக்குத் தனியா என்ன கொடுக்குறீங்க? (ரெண்டுக்கும் ஒரே பதில் வந்தா மறுபடியும் கேளுங்க.)
2. வெட்டுற இடத்துல மரத்துப்போற மருந்து போடுவீங்களா?
3. மசில் ரிலாக்ஸன்ட்னா எந்த வகை? மூச்சை நிறுத்துற வகைன்னா ட்யூபும் வெண்டிலேட்டரும் இருக்கா?
4. ஆபரேஷன் பண்றவர் கையில கத்தி இருக்கும்போது, நாடியையும் மூச்சையும் வேற யார் பார்க்கப் போறாங்க?
5. முழிச்ச பிறகு எவ்வளவு நேரம் இங்கயே வச்சுப் பார்ப்பீங்க?

அஞ்சாவது கேள்வியை லேசா எடுத்துக்காதீங்க. பிரிட்டன்ல 2002லேர்ந்து 2004 வரைக்கும், 98,000 நாய்களுக்கு மேல, 79,000 பூனைகளுக்கு மேல கணக்கெடுத்தாங்க. மயக்கம் சம்பந்தமான சாவு நாய்கள்ல 0.17 சதவீதம், பூனைகள்ல 0.24 சதவீதம். அதுல நாய்கள்ல பாதிக்குக் கிட்டக்க, பூனைகள்ல பாதிக்கும் மேல, ஆபரேஷன் முடிஞ்ச பிறகு போன உயிர்கள். அதுலயும் பெரும்பாலும் முதல் 3 மணி நேரத்துல. 'எப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்'னு நான் அவசரப்பட்டேன் பாருங்க, அந்த 3 மணி நேரத்துல.

புஜ்ஜி நல்லாத்தான் இருக்கு. தையல் போட்ட இடத்துல முடி மட்டும் முளைக்கலை. இதை டைப் பண்ணும்போது என் கால் மேல தலை வச்சுத் தூங்கிட்டு இருக்கு. ஆனா கிளினிக் இருக்குற அந்தத் தெரு முனை வந்தாப் போதும், நடக்க மாட்டேன்னு உக்காந்துடும். இழுத்தாலும் வராது. அது அன்னைக்குச் சொல்ல முடியாததை இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கு. நான் லேட்டாதான் கேட்டேன்.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சுட்டு யாரும் வீட்ல வைத்தியம் பார்க்காதீங்க. கேள்வி கேக்க மட்டும்தான் இந்தப் பதிவு.

டிஸ்கி 2: கால்நடை மருத்துவர்கள் யாராவது படிச்சா, தப்பு இருந்தா பின்னூட்டத்துல தாராளமாத் திருத்துங்க. எதிர்ப்பதிவு போட்டாலும் சந்தோஷம். 'அதான் அசையலையே'ன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க :-)